மேலே ட்ரோன், கீழே கிணற்றடி

ட்ரோன் படப்போட்டி நடத்துகிறவர்களுக்கு ட்ரோனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் போதும். எந்த வீட்டில் எத்தனை மணிக்குக் கிணற்றடியில் ஆள் நிற்கும் என்பதுதான் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் ட்ரோன் விடுகிற ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் வாய் திறக்கச் சொன்னால் எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிடும். என் வீட்டுக்காரர் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவர். அவருக்கும் அவரைப் போல ட்ரோன் ஆசை பிடித்த கூட்டாளிமாருக்கும் சேர்த்து, வருசத்துக்கு ஒருக்கா எங்கட ஊரான செட்டிபாளையத்தில் ஒரு சிநேகிதப் போட்டி வைக்கிறார்கள். கடலேரியான வாவியையும் சுற்றுவட்டத்தையும் மேலே இருந்து படம் எடுக்க வேண்டும். முதல் பரிசு ஒரு மண்முட்டி எருமைத் தயிர். அனுமதி எடுப்பது, பொலிசுக்குச் சொல்வது எல்லாம் அவர் பாடு. மிச்சம் எல்லாம் என் பாடு. வீட்டில் ஆம்பிளைகள் எதையாவது நடத்த, பின்னால் நின்று தேத்தண்ணி ஊற்றிய பெண்களுக்கு இந்த "மிச்சம் எல்லாம்" எவ்வளவு என்று நான் விளக்கத் தேவையில்லை.

யோகேஸ் அக்காவின் வாளி

போன வருசம்தான் முதல் போட்டி. எங்களுக்குப் பின்வளவு வீட்டில் இருக்கிறவ யோகேஸ் அக்கா. மாதர் சங்கத் தலைவி. அவ கிணற்றடியில் தலைக்கு வார்த்துக்கொண்டு நிற்க, ஒரு ட்ரோன் தென்னைகளுக்கு மேலே வந்து அப்படியே அசையாமல் நின்றுவிட்டது. அதை விட்டவர் வாவியைத்தான் படம் எடுத்தார், கமராவும் வாவிப் பக்கம்தான் பார்த்தது, எனக்கு அவர் பிறகு காட்டினார். ஆனால் மேலே நிற்கிற ஒன்று எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கீழே ஈரச் சீலையோடு நிற்கிறவவுக்கு எப்படித் தெரியும்? அவ ஒரு வாளித் தண்ணீரை அப்படியே மேலே எறிந்தா. அது ட்ரோனுக்கு எட்டாமல் திரும்ப அவவின் தலையிலேயே விழுந்தது. அந்தக் கோபமும் சேர, துவாயைப் போர்த்திக்கொண்டு எங்கட வேலி வாசல் கடப்படிக்கு வந்து நின்றா. அன்றைக்கு அவ பேசியதை எழுத முடியாது.

இந்த வருசம் திரும்பவும் போட்டி வைக்கலாமா என்று கேட்க நானும் அவரும் மாதர் சங்கத்துக்குப் போனோம். அவர்தான் கதைத்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். ஒரு பெண்ணும் அவளைக் கேட்காமல் படத்தில் வரக் கூடாது, அப்படி வந்த படம் ஊருக்குக் காட்டும் திரையில் வரக் கூடாது, வந்தால் இதுதான் கடைசிப் போட்டி என்று சங்கத்தில் சொன்னார்கள். அவர் "சரி சரி" என்றார். யோகேஸ் அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. கதவோரம் நின்ற என்னைத்தான் பார்த்தா. நான் தலையாட்டினேன். தலையாட்டினால் காணாது, வாயால் சொல்லு என்றா. "ஆளுக்காள் கேப்பன் அக்கா" என்றேன். அந்த ஒரு வரிக்கே எனக்கு மூச்சு வாங்கியது. கறிவேப்பிலைக்கும் தேங்காய்க்கும் நான் போய் நிற்கிற வேலிகள் எல்லாம் அந்த மண்டபத்தில் என் முன்னால் உட்கார்ந்திருந்தன. சொன்ன சொல் பிழைத்தால் பிறகு எந்த வேலியடியில் போய் நிற்பது? அக்கா சொன்னா:

"உன்ட புருசன்ட சொல்லு எனக்கு வேணாம். அவருக்குக் கிணத்தடியில என்ன பயம்? நீ இஞ்ச குளிக்கிறவ. நீ சொல்லு, நான் நம்புறன்."

வேலி வேலியாக

போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் வீடு வீடாகப் புறப்பட்டேன். சொல்ல வேண்டியது சின்ன விசயம்தான்: நாளைக்கு நாலு மணிக்கு ட்ரோன் பறக்கும், குளிப்பு முழுக்கை அதுக்கு முதல் முடித்துவிடுங்கள், படத்தில் வர விருப்பமில்லாதவர்கள் உள்ளே இருங்கள். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். முதல் வீட்டுக் கடப்படியில் நின்றதும் எல்லாம் மறந்துபோனது. "சும்மா வந்தனான்" என்றேன். அவர்கள் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார்கள். குடித்துவிட்டு, விசயத்தைச் சொல்லாமலே எழும்பினேன். இரண்டாவது வீட்டிலும் அதே கூத்துத்தான். இப்படி வாயடைத்துப்போய் நின்ற அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் என்னைத் திட்ட மாட்டீர்கள்.

மூன்றாவது வீட்டில் என் மகள் காப்பாற்றினாள். வழியில் நான் பாடமாக்கியதை இடுப்பில் இருந்தபடி அவளும் பாடமாக்கியிருக்கிறாள். அந்தச் சின்ன வயதுக்கு அவளுக்கு ஒரு சொல்தான் பிடிபட்டது. கடப்படியில் நின்று உச்சக் குரலில் "குளிக்காதீங்க!" என்று கத்தினாள். உள்ளே இருந்து எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். பிறகு நான் விளக்கம் சொல்லாமல் இருக்க முடியாதே. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் அவள் கத்த, நான் விளக்கம் சொல்ல, பொழுது பட முன் எல்லா வீடும் முடிந்துவிட்டது. ஆத்தங்கரையோரம், வாவியை நாங்கள் ஆறு என்றும் சொல்வோம், கடைசியாக இருக்கிற மாலினி வீட்டில் மட்டும் ஆள் இல்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். விசயம் சொல்லாமல் விட்ட முதல் இரண்டு வீட்டுக்கும் திரும்பப் போனபோது, அங்கே ஏற்கெனவே செய்தி போயிருந்தது. முதல் வீட்டுக்காரி, எங்கட ஊர்ப் பெண்கள் ஆளுக்காள் சொல்லுகிற "கா" போட்டுச் சொன்னது:

"உன்ட மகள்தான்கா தலைவி. நீ அவவைத் தூக்கிக்கொண்டு வாற ஆள்."

வீடு நகர்ந்துபோன கதை

போட்டி நாளில் காலைப் பறப்பு வாவிக்கு. பக்கத்து ஊரான தேற்றாத்தீவில் இருந்து குணம் மாஸ்டர் வந்திருந்தார். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுசன். கரையில் இருந்து விட்டால் எல்லாருடைய படமும் ஒரே மாதிரி இருக்கும் என்று, ஒரு தோணியைப் பிடித்து வாவி நடுவுக்குப் போய், தோணிப் பலகையில் வைத்து ட்ரோனை ஏற்றினார். இரண்டு செக்கனுக்கு ஒருக்கா தானாகப் படம் எடுக்கும்படி வைத்துவிட்டு, தோணியில் வந்தவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

ட்ரோனில் ஒரு பொத்தான் இருக்கிறது. பற்றரி குறைந்தால் அதை அமர்த்தினால் போதும், எங்கே இருந்து கிளம்பியதோ அந்த இடத்துக்கே தானாகத் திரும்பி வந்து இறங்கும். மாஸ்டர் அதை அமர்த்தினார். அது கெட்டிக்காரத்தனமாகத் திரும்பி, கிளம்பிய இடத்துக்கு நேரே வந்து நின்றது. தோணிதான் அங்கே இல்லை. காத்துக்கு அது எப்போதோ இழுபட்டுப் போயிருந்தது. வெறும் தண்ணீர்தான் கிடந்தது. ட்ரோன் அந்தத் தண்ணீரை நோக்கிப் பதமாக இறங்கத் தொடங்கியது. தோணியில் நின்ற எல்லாரும் இரண்டு கையையும் தூக்கி, நாயைக் கூப்பிடுகிற மாதிரி "இஞ்ச! இஞ்ச வா!" என்று கத்தினார்கள். பதற்றத்தில் வேறு பொத்தான் ஒன்றும் மாஸ்டரின் கைக்கு வரவில்லை. அது யாருடைய பேச்சையும் கேட்காமல் தண்ணீருக்குள் போய் இறங்கியது. தோணிக்காரர் வீச்சுவலையை எடுத்தார். முதல் வீச்சில் இறால், அடுத்த வீச்சில் ட்ரோன். அதை மாஸ்டரின் மடியில் வைத்துவிட்டு அவர் சொன்னது:

"சாமான் நல்ல சாமான்தான் மாஸ்டர். வீட்டுக்குத்தான் சரியா வந்திரிக்கு. நாமதான் வீட்டக் கொண்டுபோயிட்டம்."

தயிருக்கு வந்த சோதனை

அன்றைக்குக் காலையிலேயே வாவியின் அக்கரையில் இன்னொரு கூத்து. படுவான்கரைப் பக்கத்து வட்டையில், அறுவடை முடிந்த வயலில் ஒரு எருமைப்பட்டி நிற்கும். மேலே இருந்து பார்க்கக் கறுப்புக் கறுப்பாக வடிவாக இருக்கும் என்று போட்டிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் ட்ரோனை அனுப்பியிருக்கிறார்கள். ஒன்று போனால் எருமை நிமிர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். இது தேனீக் கூட்டம் மாதிரி இரைந்துகொண்டு போயிருக்கிறது. எருமைகள் மிரண்டு ஓடவில்லை. ஆனால் பால் கறக்கப் போனால் ஒன்றும் பாலை விடவில்லை. மடி நிறையப் பால், ஒரு சொட்டு இறங்கவில்லை.

நாங்கள் முதல் பரிசுக்குத் தயிர் சொல்லி வைத்திருந்ததும் அந்தப் பட்டிக்காரரிடம்தான். அவர் மோட்டார் சைக்கிளில் பாலம் சுற்றி எங்கட வீட்டுக்கு வந்து இறங்கினார். என் வீட்டுக்காரர் ஆத்தங்கரையில் நின்றதால் நான்தான் முகம் கொடுக்க வேண்டி வந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, ஒரு கோப்பைத் தேத்தண்ணியை நீட்டினேன். அவர் குடித்து முடித்துவிட்டு, பின்னேரம் எப்படியும் கறந்துவிடுவேன், தயிர் வரும், ஆனால் முட்டி கொஞ்சம் சின்னதாக வரும் என்றார். நான் வேலி வேலியாகப் போய்ப் பெண்களிடம் கேட்ட செய்தி அக்கரைக்கும் போயிருக்கிறது. புறப்படும்போது திரும்பி நின்று கேட்டார்:

"ஊர்ப் பொம்புளையளிட்ட எல்லாம் கேட்டாயாம். என்ட எருமைமாரும் பொம்புளையள்தானே புள்ள, ஒரு சொல்லு கேட்டா என்ன?"

நாலு மணி

பின்னேரப் பறப்பு எங்கட ஊருக்கு மேலே. எல்லாரும் வீட்டுக்குள் இருப்பார்கள், வளவெல்லாம் வெறிச்சோடிக் கிடக்கும், வந்தவர்கள் நிம்மதியாகத் தென்னையையும் வாவியையும் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று நான் நினைத்திருந்தேன். நாலு மணிக்கு எங்கட முற்றத்தில் இருந்து ட்ரோன்கள் கிளம்பின. என் வீட்டுக்காரரின் போனில் மேலே இருந்து தெரிவதை எட்டிப் பார்த்தேன். ஒரு வளவு கூட வெறுமையாக இல்லை. பெண்கள் எல்லாரும் வெளியே நிற்கிறார்கள். குளித்து முழுகி, தலை வாரி, கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற சீலையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே நிறத்தில். யோகேஸ் அக்கா கிணற்றடியைக் கூட்டிப் பெருக்கி, கிணற்றுக் கட்டில் பூச்சாடி வைத்து, பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறா. போன வருசம் எறிந்த வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தா.

இவர்களை உள்ளே இருக்கச் சொல்லித்தான் நான் கால் வலிக்க நடந்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்ல? ஓட்டமாவடியில் தரைக்குப் பதிக்கிற தைல் கடை வைத்திருக்கிற றிஸ்வான் நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம், போன வருசமும் வந்தவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவரும் ட்ரோனை அங்கே திருப்பினார், இங்கே திருப்பினார். எங்கே திருப்பினாலும் யாராவது கையைக் காட்டினார்கள். கடைசியில் ஆள் நடமாட்டமே இல்லாத ஆத்தங்கரைச் சேற்றுத் தரைப் பக்கமாக ட்ரோனை அனுப்பினார். அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்:

"தங்கச்சி, நான் வாவியப் படம் புடிக்கத்தான் வந்த. இது என்னடா எண்டா, கலியாண வீட்டு அல்பம் மாதிரி வந்திரிக்கி."

இந்தப் புள்ளி ஆரு?

சரி, வெளியே வந்து நின்றதும் ஒரு விருப்பம்தானே, விட்டுவிடுவோம் என்றார் என் வீட்டுக்காரர். நான் விடவில்லை. ஆளுக்காள் கேட்பேன் என்று சொல்லிவிட்டேன். ஆள் தெரிகிற படத்தை எல்லாம் போனில் ஏற்றிக்கொண்டு, மகளையும் தூக்கிக்கொண்டு, அடுத்த நாள் காலையிலேயே திரும்பவும் வேலி வேலியாகப் போனேன்.

மேலே இருந்து எடுத்தால் மனுசர் ஒரு புள்ளிதான். ஆனால் எங்கட பெண்களுக்கு அந்தப் புள்ளி பெரிய விசயமில்லை. கொடியில் காய்கிற உடுப்பைப் பார்த்து வளவைச் சொன்னார்கள். தண்ணித் தாங்கியின் மூடி உடைந்ததைப் பார்த்து வீட்டைச் சொன்னார்கள். தங்கட வீட்டைக் கண்டுபிடித்து முடிந்ததும் அடுத்த வீட்டுக்குள் போனார்கள். "இவட வளவில இவ்வளவு தேங்காய் கிடக்கு, கேட்டா இல்லையெண்டா!" என்று ஒரு வேலியில் சின்னச் சண்டை ஒன்றும் தொடங்கியது. நான் போனைப் பறித்துக்கொண்டு ஓடினேன். விருப்பமா என்று நான் கேட்க, ஒருத்தி கூட இல்லை என்று சொல்லவில்லை. யோகேஸ் அக்கா கண்ணாடியைப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னா:

"இவ்வளவு சீலையும் கட்டி இரிந்தன், ஒரு எள்ளுப்போல கிடக்கன். அடுத்த முறை கொஞ்சம் கிட்ட வரச் சொல்லுகா."

சேற்றில் வட்டங்கள்

எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்தால், டவுனில் இருந்து நடுவராக வந்த ஸ்டூடியோக்காரர் ஒரு படத்தை எடுத்துத் தனியே வைத்திருந்தார். றிஸ்வான் நானாவின் படம். கோடையில் வாவி உள்வாங்கி, ஈரம் காயாத சேற்றுத் தரை வெள்ளி மாதிரி மினுங்குகிறது. அதில் யாரோ பெரிய விரலால் கீறினது போல வட்டம், வட்டத்துக்குள் வட்டம், எட்டு, பிறகு சுருள். அந்தக் கோடு போய் முடிகிற இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு வடிவு. முதல் பரிசு இதுக்குத்தான் என்றார் நடுவர்.

பெரிதாக்கிக் காட்டினார்கள். சிவப்பு, சரிந்து கிடக்கிற ஸ்கூட்டி. மஞ்சள், சேற்றில் குந்தியிருக்கிற பெண், கையில் ஒரு செருப்பு. முகம் தெரியவில்லை. ஆனால் அந்த மஞ்சள் சட்டையை எனக்குத் தெரியும். மாலினி. புருசனுக்கு வெளிநாட்டில், கட்டாரில் வேலை, இவள் மாமியாரோடு இருக்கிறாள். நான் கூப்பிட்டபோது ஆள் இல்லாமல் இருந்த ஒரே வீடு அவளுடையது. ஊர்ப் பெண்கள் எல்லாம் வளவில் நின்று ஆகாயத்தைப் பார்க்கிற நேரத்தை இவள் ஸ்கூட்டி பழகத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

உடனே போய், முதல் பரிசுக்கு எடுத்திருக்கிறார்கள், திரையில் காட்ட விருப்பமா என்று கேட்டேன். போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். முகம் அப்படியே மாறிவிட்டது. உள்ளே மாமியாரின் செருமல் கேட்டது. மாலினி போனைக் கவிழ்த்து என் கையில் வைத்தாள். கட்டாரில் இருக்கிறவருக்குத் தெரியாமல் பழகுகிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை, எனக்குக் கேட்கவும் வராது. அவள் சொன்னது இவ்வளவுதான்:

"வேணாம்கா. முதல் பரிசெண்டாலும் வேணாம்."

மைக்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். "முகமும் தெரியல்ல, நம்பரும் தெரியல்ல. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார். "அவக்குத் தெரியும்" என்றேன். அவர் தலையில் வைத்த கையை எடுத்தார். பிறகு, "அப்ப நடுவரிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா அவர் நியாயம் கதைச்சே என்னை மடக்கிப் போடுவார்" என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அன்று பின்னேரம் படம் காட்ட நடுவர் பல்நோக்கு மண்டபத்துக்குள் வரும்போது சொல்லலாம் என்று இருந்தேன், அவரோடு நாலு பேர் வந்தார்கள். தேத்தண்ணி கொடுக்கும்போது சொல்லலாம் என்று இருந்தேன், அவர் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். அப்படியே ஊர் முழுக்க வந்து உட்கார்ந்துவிட்டது. வெள்ளைத் துணியில் படங்கள் ஓடத் தொடங்கின. எள்ளுப் புள்ளிகள் வர வர மண்டபம் கைதட்டியது. மாலினி மாமியாருக்குப் பக்கத்தில் நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

நடுவர் மைக்கைப் பிடித்து, "இப்ப முதல் பரிசுக்குரிய படம், ஒரு சேத்துத் தரை..." என்று தொடங்கிவிட்டார். என் வீட்டுக்காரரின் விரல் கணினிப் பொத்தானில் இருந்தது. அவர் அதை அமர்த்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் இருந்து முன்னுக்கு எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. நடுவர் என்னைக் கண்டு மைக்கை நீட்டிவிட்டார். வாங்கிவிட்டேன். ஒரு சொல்லும் வரவில்லை. மண்டபம் அமைதியாகிவிட்டது. இடுப்பில் இருந்த மகள், இவ்வளவு ஆட்கள் அமைதியாக இருந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தவள். மைக்கை எட்டிப் பிடித்து "குளிக்காதீங்க!" என்று கத்தினாள். கூரை போகிற அளவுக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்க முன் நான் சொல்லிவிட்டேன்: "அந்தப் படம் இல்ல. அதில ஒரு ஆள் இரிக்கா. கேட்டன், வேணாமெண்டுட்டா. அதால காட்ட ஏலா."

நடுவர், "முகம் தெரியல்லையே, கலை எண்டா..." என்று தொடங்கினார். "வேணாமெண்டுட்டா" என்றேன் திரும்பவும். வேறு சொல் எனக்கு வரவில்லை. யார் அந்த ஆள் என்று பின்னால் யாரோ கேட்டார்கள். அதற்கும் "வேணாமெண்டுட்டா" என்றேன். யோகேஸ் அக்கா எழும்பி, "அட, இவளுக்கு வாய் இரிக்கு!" என்றா. பாவம் றிஸ்வான் நானாதான். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் இருந்த இடத்தில் இருந்தே சொன்னார்: "வேணாமெண்டா வேணாம்தான் தங்கச்சி. கேக்காம என்ட உம்மாவ எடுத்தா நானும் உடமாட்டன். வட்டம் வடிவா இரிந்தது எண்டு மட்டும் அவங்களிட்டச் சொல்லிருங்க."

அடுத்த நிலையில் இருந்த படம் முதலாவதாக வந்தது. அது குணம் மாஸ்டருடையது. தண்ணீரில் முங்கிய ட்ரோனில் இருந்து கழற்றிய, படம் பதிகிற மெமரிக் காட்டை அவர் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்து உயிர் கொடுத்திருக்கிறார். ட்ரோன் தண்ணீரில் இறங்க முன் தானாக எடுத்த கடைசிப் படம்: நீலத் தண்ணீரில் ஒரு தோணி, தோணி நிறைய வாயைப் பிளந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மனுசர், நடுவில் மாஸ்டர். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. மாஸ்டர் தயிர் முட்டியை வாங்க முன், ஆளைக் கேட்க வேண்டுமே என்று தோணிக்காரரைத் தேடி, "படத்தில் நீயும் இருக்கிறாய், உனக்குச் சம்மதமா?" என்று சுத்தத் தமிழில் கேட்டார். தோணிக்காரர் சொன்னார்:

"தயிரில பாதி எனக்கெண்டா ஓம், இல்லாட்டி நானும் வேணாம்."

கடப்படியில் ஒரு ஹோர்ன்

மறுநாள் காலை முற்றம் கூட்டிக்கொண்டு நிற்க, கடப்படியில் ஹோர்ன் சத்தம். சிவப்பு ஸ்கூட்டி. தலைக்கவசத்தோடு மாலினி. ஆத்தங்கரையில் இருந்து எங்கட வீடு வரை ஊர் ரோட்டில், பகல் வெளிச்சத்தில் ஓடி வந்திருக்கிறாள். நான் பதறிப்போய், "மாமி பார்த்தா? கட்டாரில தெரிஞ்சா?" என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அவர்தானேகா இத வாங்கச் சொன்ன. மாமியக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகத்தான் பழகுற. மாமிதான் பழகு பழகு எண்டு நிண்ட மனுசி" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அப்படியானால் ஏன் வேணாம் என்றாய்? அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். "விழுந்து, செருப்பக் கையில வெச்சிக்கொண்டு சேத்துக்குள்ள குந்தியிருக்கிற படத்தையா ஊருக்குப் போட்டுக் காட்டுற? என்ட கண்ணில படாம அது எப்படித்தான் மேல நிண்டதோ!" றிஸ்வான் நானா வட்டத்தை வடிவு என்று சொன்னதையும் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "நேரா ஓடத் தெரியாமத்தானேகா வட்டம் வந்த! இப்ப நேரா ஓடுவன். அந்த நானாவ ஒருநாளைக்கு வரச் சொல்லு. ஆனா வாற நேரத்த முதலே சொல்லிரு, நான் நீலச் சீலை கட்டோணும்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முழு ஊருக்கு முன்னால் மைக்கைப் பிடித்தேன், நடுவரோடு மல்லுக்கட்டினேன், ஒரு நல்ல மனுசனின் முதல் பரிசைப் பறித்தேன். இதை முதலே ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் ஸ்கூட்டியைத் திருப்பி, கொஞ்சமும் ஆடாமல் நேராக எடுத்துக்கொண்டு சொன்னாள்:

"நீ வேணுமா வேணாமா எண்டுதானேகா கேட்ட, ஏன் எண்டு கேக்கல்லையே."

ட்ரோனை ஏற்ற ஒரு பொத்தான், இறக்க ஒரு பொத்தான் என்று என் வீட்டுக்காரருக்கு இரண்டு விரலோடு வேலை முடிந்துவிடுகிறது, எனக்கோ யார் யாருக்கு எந்த எந்தச் சீலையில் விருப்பம் என்று கேட்டு முடிக்க அடுத்த போட்டி வரைக்கும் நாள் காணாது.